கடலடிச் சேற்றில் மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள்: கண்டுபிடிப்பதும் வகைப்படுத்துவதும் எப்படி?

ஊர்க்குளத்துச் சேற்றைக் குச்சியால் கிளறிவிட்டால் குமிழி குமிழியாகக் காற்று மேலே வரும். அந்தக் காற்றில் பெரும்பங்கு மீத்தேன். மாட்டுச் சாணத்தை மூடிய தொட்டியில் ஊறவிட்டு அடுப்பெரிக்கிறோமே, அந்தச் சாண எரிவாயுவில் எரிவதும் இதே மீத்தேன்தான். 1776-ஆம் ஆண்டில் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரையில் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா சேற்றைக் கிளறி இந்த வாயுவைப் பிடித்து, அது தீப்பற்றி எரிவதைக் காட்டினார். மின்கலத்தைக் கண்டுபிடித்தவராக நம் பிள்ளைகள் பள்ளிப் புத்தகத்தில் படிக்கும் அதே வோல்ட்டாதான்.

சேற்றிலிருந்து வாயு வருவது தெரிந்துவிட்டது. ஆனால் அதை உண்டாக்குவது யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனவர்கள் குளத்தோடு நிற்கவில்லை. வயல், மாட்டின் இரைப்பை, மனிதக் குடல், வெந்நீர் ஊற்று என்று தேடி, கடைசியில் சூரிய ஒளியே எட்டாத ஆழ்கடலின் அடித்தளம் வரைக்கும் சென்றார்கள். அங்கே, பல நூறு மீட்டர் சேற்றுக்கு அடியிலும் மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள் இருப்பதைக் கண்டார்கள். அவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எப்படிப் பெயர் சூட்டி வகைப்படுத்துகிறார்கள், இதனால் நமக்கு என்ன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா

நுண்ணுயிர் என்றாலே பாக்டீரியா என்று சொல்லிப் பழகிவிட்டோம். மீத்தேன் உண்டாக்கும் உயிர்களையும் நெடுங்காலம் பாக்டீரியா என்றே எண்ணியிருந்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சிறு உருண்டை, சிறு குச்சி, அவ்வளவுதான்.

1977-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் வேறு வழியில் பார்த்தார்கள். எல்லா உயிரணுக்களிலும் புரதத்தைக் கட்டியமைக்கும் ரைபோசோம் என்ற சிறு இயந்திரம் உண்டு. அதன் ஒரு பகுதியான ஆர்.என்.ஏ. மூலக்கூறு தலைமுறை தலைமுறையாக மிக மெதுவாகவே மாறும். அதை ஒப்பிட்டால் எந்த உயிர் எந்த உயிருக்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்று சொல்லிவிடலாம். அப்படி ஒப்பிட்டபோது, மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள் பாக்டீரியாக்களோடு சேரவில்லை. விலங்கு, தாவரம், பூஞ்சைகளோடும் சேரவில்லை. மூன்றாவதாக ஒரு பெருங்குடும்பமாகத் தனித்து நின்றன. அந்தக் குடும்பத்திற்கு இன்று ஆர்க்கியா என்று பெயர்.

இதை அறிவியல் உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் ஐயத்தோடுதான் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சான்றுகள் சேர்ந்தன. ஆர்க்கியாக்களின் உயிரணு உறை வேறு வகைக் கொழுப்பால் ஆனது. பாக்டீரியாவின் சுவரில் இருக்கும் பெப்டிடோகிளைக்கான் என்ற பொருள் இவற்றில் இல்லை. எனவே அந்தச் சுவரைத் தாக்கும் பென்சிலின் போன்ற மருந்துகள் இவற்றை ஒன்றும் செய்வதில்லை. மனிதருக்கு நோய் தருவதாக உறுதியாக நிறுவப்பட்ட ஆர்க்கியா இதுவரை ஒன்றுகூட இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

இவற்றின் பிழைப்பும் விந்தையானது. நாம் சோற்றை உண்டு ஆக்சிஜனைச் சுவாசித்து ஆற்றல் பெறுகிறோம். இவற்றுக்கு ஆக்சிஜன் நஞ்சு. பெரும்பாலானவை ஹைட்ரஜன் வாயுவையும் கார்பன் டை ஆக்சைடையும் இணைத்து மீத்தேனாகவும் நீராகவும் மாற்றுகின்றன. அதில் கிடைக்கும் மிகச் சொற்ப ஆற்றலில் உயிர் வாழ்கின்றன. சில இனங்கள் புளிக்காடியில் உள்ள அசிட்டேட்டை உடைத்து மீத்தேன் தரும். இன்னும் சில, மீன் கவிச்சிக்குக் காரணமான டிரைமெத்திலமீன் போன்ற பொருள்களையே உணவாகக் கொள்ளும். சமையலறையில் நாம் எலுமிச்சையும் மஞ்சளும் போட்டு விரட்டும் அதே பொருள், கடலடியில் ஓர் உயிருக்கு உணவு!

கடலடிச் சேறு: அடுக்கடுக்கான பந்தி

கடலின் மேல்மட்டத்தில் வாழும் பாசிகளும் சிற்றுயிர்களும் இறந்து மெல்ல மெல்ல அடியில் படிகின்றன. நடுக்கடலில் ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் சேறு சேரும். கண்டங்களை ஒட்டிய பகுதிகளில், ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் சேர்வதால், இதைவிட வேகமாகச் சேரும். இப்படி இலட்சக்கணக்கான ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுக்குப் படிவு உருவாகிவிடுகிறது.

இந்தச் சேற்றில் உணவுக்கான போட்டி ஒரு பந்தியைப் போல நடக்கிறது. மேலே முதல் பந்தியில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உயிர்கள் அமர்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட்டைப் பயன்படுத்துபவை. அடுத்து மாங்கனீசு, இரும்பு. அதற்கும் கீழே கடல்நீரில் தாராளமாக உள்ள சல்ஃபேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள். இவை ஹைட்ரஜனையும் அசிட்டேட்டையும் தட்டிப் பறிப்பதில் கெட்டிக்காரர்கள். இவை இருக்கும் வரை, ஹைட்ரஜனை நம்பி வாழும் மீத்தேன் ஆர்க்கியாக்கள் தலையெடுப்பது கடினம். சல்ஃபேட்டும் தீர்ந்துபோன ஆழத்தில்தான் கடைசிப் பந்தி. அங்கே மீத்தேன் உண்டாக்குபவை அமர்கின்றன.

மேலடுக்கிலும் சில தப்பிப் பிழைப்பது உண்டு. முன்னே சொன்ன மீன் கவிச்சிப் பொருளைச் சல்ஃபேட் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. அதை உண்ணும் ஆர்க்கியாக்களுக்குப் போட்டி குறைவு. 2014-இல் கிழக்கு மத்தியதரைக் கடலின் அடியில் உள்ள நேப்போலி என்ற சேற்று எரிமலையிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட மெத்தனோகாக்காய்டிஸ் வல்கனி என்ற புதிய இனம் இந்த வகையைச் சேர்ந்தது.

கடலடிப் படிவுகளில் உள்ள நுண்ணுயிர் அணுக்களின் எண்ணிக்கை சுமார் 3-க்குப் பின் 29 சுழியங்கள் என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் அவற்றில் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டவை மிகச் சிலவே. ஏன் என்பது அடுத்து வரும் வேலைகளைப் பார்த்தால் புரியும்.

முதல் வேலை: சேற்றைக் கெடாமல் மேலே கொண்டுவருவது

ஆழ்கடல் சேற்றை எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஆட்கள் ஏறிச் செல்லும் நீர்மூழ்கியோ தொலைவிலிருந்து இயக்கும் கருவியோ கடலடிக்கு இறங்கி மேற்பரப்புச் சேற்றைக் குழாயில் பிடித்து வரலாம். இன்னும் ஆழத்திலிருந்து வேண்டுமென்றால், ஜப்பானின் சிக்யூ போன்ற துளையிடும் கப்பலிலிருந்து நீண்ட குழாயை இறக்கி, உருளை வடிவில் படிவை வெட்டி எடுக்க வேண்டும். 2012-இல் அதே கப்பல் ஜப்பானின் ஷிமோகிட்டா தீபகற்பத்திற்கு அப்பால் கடலடிக்குக் கீழே 2,466 மீட்டர் வரை துளையிட்டது. அங்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த நிலக்கரி அடுக்குகளிலும் மீத்தேன் உண்டாக்கும் உயிர்களின் தடயங்கள் கிடைத்தன.

துளையிடும்போது ஒரு பெரிய சிக்கல் எழுகிறது. துளையில் ஊற்றும் கடல்நீரிலும் சேற்றுக் கலவையிலும் மேலேயுள்ள நுண்ணுயிர்கள் ஏராளம். ஆழத்திலோ உயிர்கள் மிகக் குறைவு. மேலேயிருந்து போன ஒன்றை ஆழத்தில் கிடைத்ததாக எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. அதனால் துளையிடும் திரவத்தில் வேண்டுமென்றே ஓர் அடையாள வேதிப்பொருளையும் பாக்டீரியா அளவிலான ஒளிரும் சிறு மணிகளையும் கலந்து விடுகிறார்கள். வெட்டியெடுத்த படிவின் நடுப்பகுதியில் அவை தென்பட்டால் அந்தப் பகுதி கறைபட்டது என்று ஒதுக்கிவிடுவார்கள். தென்படாத நடுப்பகுதி மட்டுமே ஆய்வுக்குப் போகும்.

அதன்பின் காற்றுப் படாமல் காக்க வேண்டும். ஆக்சிஜன் இல்லாத, நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் கையுறை மாட்டி வேலை செய்வார்கள். சிறிது நேரம் காற்றுப் பட்டாலே பல இனங்கள் மடிந்துவிடும்.

இரண்டாம் வேலை: பொறுமையாக வளர்ப்பது

ஆக்சிஜனே இல்லாமல் உயிர்களை வளர்க்கும் முறையை அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹங்கேட் மாட்டின் இரைப்பை நுண்ணுயிர்களுக்காக உருவாக்கினார். இன்றும் அதன் அடிப்படையில்தான் வேலை நடக்கிறது. கண்ணாடிக் குழாயை ரப்பர் மூடியால் இறுக அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை நீக்கி, ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் நிரப்புகிறார்கள். குழாயில் ரெசசூரின் என்ற சாயத்தைச் சிறிது சேர்ப்பார்கள். ஆக்சிஜன் எட்டிப் பார்த்தால் திரவம் இளஞ்சிவப்பாகிக் காட்டிக்கொடுக்கும். நிறமற்று இருந்தால் கவலையில்லை.

பிறகு காத்திருப்பதுதான். சிலவற்றுக்கு அதிக நேரம் தேவையில்லை. கடலடி வெந்நீர் ஊற்றில் கிடைத்த மெத்தனோகால்டோகாக்கஸ் ஜன்னாஸ்கி என்ற இனம் 85 டிகிரி வெப்பத்தில் சுமார் 26 நிமிடத்தில் இரண்டாகப் பெருகிவிடும். ஆனால் குளிர்ந்த ஆழ்சேற்றில் வாழ்பவை அப்படியல்ல.

இதற்கு ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோயுகி இமாச்சியும் அவருடைய குழுவினரும் செய்த பணி நல்ல எடுத்துக்காட்டு. 2006-இல் ஜப்பானுக்குத் தெற்கே நான்கை அகழிப் பகுதியில், 2,533 மீட்டர் ஆழத்தில், மீத்தேன் கசியும் இடத்திலிருந்து ஷின்காய் 6500 நீர்மூழ்கி சேற்றை எடுத்து வந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பயன்படும் தொங்கும் பஞ்சுக் கருவி ஒன்றை அவர்கள் ஆழ்கடலைப் போல மாற்றியமைத்தார்கள். பஞ்சின் துளைகளில் சேற்றை ஏற்றி, மீத்தேனை ஊட்டி, 2,000 நாட்களுக்கு மேல் ஓடவிட்டார்கள். அதிலிருந்து எடுத்ததைக் குழாய்களில் இட்டு மேலும் பல ஆண்டுகள் வளர்த்தார்கள். இறுதியில் கிடைத்த உயிர் ஒருமுறை இரட்டிப்பாக 14 முதல் 25 நாட்கள் ஆகிறது. முழு வேலைக்கும் 12 ஆண்டுகள் பிடித்தன. 2020-இல் முடிவை வெளியிட்டார்கள்.

அந்த உயிர் மீத்தேன் உண்டாக்குவது அல்ல. ஆனால் அதனால் தனியே வாழ முடியவில்லை. அது வெளிவிடும் ஹைட்ரஜனை உடனுக்குடன் உண்டு தீர்க்க ஒரு துணை வேண்டும். அந்தத் துணையாக அதே குழாயில் வளர்ந்தது மெத்தனோஜீனியம் என்ற மீத்தேன் ஆர்க்கியா. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு. ஆழ்சேற்றின் பல உயிர்களைத் தனித்து வளர்க்க முடியாமல் போவதற்கு இப்படிப்பட்ட கூட்டு வாழ்க்கையும் ஒரு காரணம்.

மூன்றாம் வேலை: இது யார் என்று அறிவது

குழாயில் ஏதோ வளர்ந்துவிட்டது. அது மீத்தேன் உண்டாக்குகிறதா? குழாயின் மேற்புற வாயுவைக் கொஞ்சம் ஊசியில் எடுத்து வாயுப் பகுப்புக் கருவியில் செலுத்தினால் தெரிந்துவிடும். புற ஊதாக் கதிரில் நுண்ணோக்கியால் பார்த்தால் இன்னொரு அடையாளமும் கிடைக்கும். மீத்தேன் ஆர்க்கியாக்களில் எஃப்420 என்ற துணைநொதி உண்டு. அது நீலப் பச்சையாக ஒளிரும். இருட்டில் மின்னும் சிறு புள்ளிகளாக அவை தம்மைக் காட்டிக்கொள்ளும்.

அடுத்து மரபணு. மீத்தேன் உண்டாகும் கடைசிப் படியை நடத்தி வைப்பது ஒரே நொதி. சுருக்கமாக அதை எம்.சி.ஆர். என்பார்கள். அதன் நடுவில் நிக்கல் அணுவைத் தாங்கிய ஒரு மூலக்கூறு இருக்கிறது. மீத்தேன் உண்டாக்கும் எல்லா ஆர்க்கியாக்களிலும் இந்த நொதிக்கான மரபணு உண்டு. எனவே சேற்றில் உள்ள டி.என்.ஏ.வில் இதைத் தேடினால், வளர்க்காமலேயே அங்கே யார் இருக்கக்கூடும் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஓரளவுதான். ஏனென்றால், மீத்தேனை உண்டாக்காமல் அதை உண்டு வாழும் வேறு ஆர்க்கியாக்களிலும் இதே நொதி தலைகீழாக வேலை செய்கிறது. மரபணு இருப்பதால் மட்டுமே ‘இது மீத்தேன் தருகிறது’ என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

இது புதிய இனம்தானா, ஏற்கெனவே அறிந்ததா? இங்கே சில எல்லைக்கோடுகள் உள்ளன. வோஸ் பயன்படுத்திய அதே ரைபோசோம் மரபணு, அறியப்பட்ட எந்த இனத்தோடும் 98.7 சதவீதத்துக்குக் குறைவாக ஒத்திருந்தால் அது புதிய இனம் என்று கருத வலுவான காரணம் உண்டு. அதற்கு மேல் ஒத்திருந்தால் முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட வேண்டும். இரண்டு தொகுதிகளும் சராசரியாக ஏறத்தாழ 95 சதவீதத்துக்குக் குறைவாக ஒத்திருந்தால் வேறு இனம். கூடுதலாக இருந்தால் ஒரே இனம். இவற்றோடு, எந்த வெப்பத்தில், எவ்வளவு உப்பில், எந்த உணவில் வளர்கிறது, உறையின் கொழுப்பு என்ன என்பதையும் அளந்து எழுத வேண்டும்.

நான்காம் வேலை: பெயர் சூட்டுவது

பிள்ளைக்குப் பெயர் வைப்பது போல விரும்பியபடி வைத்துவிட முடியாது. நுண்ணுயிர்களுக்குப் பெயரிடப் பன்னாட்டு விதித்தொகுப்பு ஒன்று உள்ளது. முறைப்படி விவரித்து ஆய்விதழில் வெளியிட வேண்டும். அத்தோடு, உயிருள்ள மாதிரியை இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள நுண்ணுயிர்ச் சேகரிப்பு நிலையங்களில் ஒப்படைக்க வேண்டும். யார் கேட்டாலும் அங்கிருந்து வாங்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம். ‘நான் கண்டேன், நம்புங்கள்’ என்பது இங்கே செல்லாது. சாட்சிப் பொருளை எல்லோர் முன்னும் வைக்க வேண்டும்.

வளர்க்க முடியாதவற்றுக்கு என்ன செய்வது? அவற்றுக்குக் ‘கேண்டிடாட்டஸ்’ என்ற முன்னொட்டோடு தற்காலிகப் பெயர் தரலாம். வேட்பாளர் என்று பொருள். முழு உறுப்பினர் ஆகவில்லை என்பதன் அடையாளம் அது. 2022-இல் மரபணுத் தொகுதியை மட்டுமே சான்றாக ஏற்றுப் பெயரிடும் தனி விதித்தொகுப்பு ஒன்றும் வந்தது. உயிரோடு கையில் இல்லாததற்குப் பெயர் தருவது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இமாச்சி குழுவினரின் உயிருக்குக்கூட முதலில் வேட்பாளர் பெயர்தான் இருந்தது. 2024-இல்தான் முறையான பெயர் கிடைத்தது.

மூன்று இனங்கள், மூன்று பாடங்கள்

முதலாவது, முன்னே சொன்ன ஜன்னாஸ்கி. 1982-இல் ஆல்வின் நீர்மூழ்கி கிழக்குப் பசிபிக்கில் சுமார் 2,600 மீட்டர் ஆழத்தில், வெந்நீர் கக்கும் ஒரு புகைபோக்கியின் அடியிலிருந்து எடுத்து வந்த பொருளில் கிடைத்தது. ஆழ்கடல் நுண்ணுயிர் ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான ஹோல்கர் ஜன்னாஷின் பெயரை 1983-இல் இதற்குச் சூட்டினார்கள். 1996-இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. ஆர்க்கியாக்களில் முழுமையாகப் படிக்கப்பட்ட முதல் தொகுதி இதுவே. அதிலிருந்த மரபணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை அதுவரை அறிந்த எதையும் ஒத்திருக்கவில்லை. வோஸ் சொன்னது சரி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவைப்படவில்லை. முதலில் மெத்தனோகாக்கஸ் பேரினத்தில் இருந்த இதைப் பின்னர் பிரித்து, வெப்பத்தைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து மெத்தனோகால்டோகாக்கஸ் ஆக்கினார்கள். அறிவு வளர்ந்தால் பெயரும் மாறும் என்பது பாடம்.

இரண்டாவது, மெத்தனோபைரஸ் காண்ட்லெரி. கலிபோர்னியா வளைகுடாவின் குவாய்மாஸ் படுகையில், சுமார் 2,000 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. 1991-இல் விவரிக்கப்பட்டது. இது 110 டிகிரியிலும் வளர்ந்தது. நம் இந்தியப் பெருங்கடலின் நடு முகட்டில் உள்ள கைரெய் வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்த இதே இனத்தின் இன்னொரு வகையை 2008-இல் ஜப்பானியர்கள் விவரித்தார்கள். உயர் அழுத்தத்தில் வளர்த்தபோது அது 122 டிகிரியிலும் பெருகியது. மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யும் வெப்பம் 121 டிகிரிதான்! ஒரே ஒரு மரபணுவைப் பார்த்து இதை மற்ற மீத்தேன் ஆர்க்கியாக்களிலிருந்து வெகுதூரம் தள்ளி வைத்திருந்தார்கள். 2002-இல் முழுத் தொகுதியைப் படித்தபோது, அது மற்றவற்றோடு நெருங்கியது என்று தெரிந்தது. ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது பாடம்.

மூன்றாவது, மெத்தனோகல்லியஸ் சப்மரீனஸ். நான்கை அகழியில் கடலடிக்குக் கீழே 247 மீட்டர் ஆழத்துப் படிவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 2003-இல் விவரிக்கப்பட்டது. மீத்தேன் பனிக்கட்டிப் படிவுகள் உள்ள பகுதி அது. அந்த மீத்தேனை உண்டாக்கக்கூடிய உயிர் அங்கேயே, அத்தனை ஆழத்திலும் உயிரோடு இருக்கிறது என்று இந்தக் கண்டுபிடிப்பு காட்டியது.

மீத்தேன் ஆர்க்கியாக்கள் அனைத்தும் யூரியார்க்கியோட்டா என்ற ஒரே தொகுதிக்குள்தான் இருக்கும் என்று பல காலம் எண்ணியிருந்தார்கள். 2015-இல் ஆஸ்திரேலியாவின் சூரத் படுகை நிலக்கரிக் கிணறு ஒன்றில் எடுத்த டி.என்.ஏ.வில், அந்தத் தொகுதிக்கு வெளியே உள்ள ஓர் ஆர்க்கியாவிலும் எம்.சி.ஆர். மரபணு தெரிந்தது. இது நம் குஜராத் சூரத் அல்ல. பெயர் மட்டும் ஒன்று. மரபணு இருக்கிறது, ஆனால் மீத்தேன் வருகிறதா? ஒன்பது ஆண்டுகள் ஐயம் நீடித்தது. 2024-இல் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றிலிருந்தும் சீனாவின் எண்ணெய் வயலிலிருந்தும் இத்தகைய வெளித்தொகுதி உயிர்களை வளர்த்து, அவை உண்மையிலேயே மீத்தேன் தருவதைக் காட்டினார்கள். இதே மரபணுச் சுவடுகளைத் தேடும் பணி கடலடிப் படிவுகளிலும் தொடர்கிறது.

இதனால் நமக்கு என்ன?

மீத்தேன் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கார்பன் டை ஆக்சைடைவிடக் கொடியது. 100 ஆண்டுக் கணக்கில் எடைக்கு எடை சுமார் 28 மடங்கு. 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடிப் பங்குக்குச் சுமார் 720 பங்காக இருந்தது, இன்று 1,900-ஐத் தாண்டிவிட்டது. நெல்வயல், மாடு, குப்பைக்கிடங்கு, எரிவாயுக் கசிவு எல்லாம் இதில் சேரும்.

கடலடியில் அவ்வளவு மீத்தேன் உண்டாகியும் காற்றுக்கு வருவது மிகக் குறைவு. காரணம், முன்னே சொன்ன மீத்தேன் உண்ணும் ஆர்க்கியாக்கள். அவை சல்ஃபேட் பாக்டீரியாக்களோடு கூட்டுச் சேர்ந்து, சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேனில் பெரும்பகுதியை வழியிலேயே தீர்த்துவிடுகின்றன. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அப்பால் இந்தக் கூட்டணியை நுண்ணோக்கியில் நேரடியாகக் கண்டார்கள். கடலடியில் நமக்குத் தெரியாமல் நிற்கும் காவல் இது.

குளிரும் அழுத்தமும் மிகுந்த இடத்தில் மீத்தேன் நீரோடு சேர்ந்து பனிக்கட்டி போல உறைந்துவிடும். தீ வைத்தால் எரியும் பனிக்கட்டி. ஒரு கன மீட்டரில் சுமார் 160 கன மீட்டர் வாயு அடங்கும். 2006-இல் இந்தியாவின் தேசியத் திட்டம் ஒன்றின்கீழ் ஜாய்டஸ் ரெசல்யூஷன் கப்பல் நம் கடல்களில் துளையிட்டது. ஆந்திரக் கரைக்கு அப்பால் கிருஷ்ணா–கோதாவரி படுகையில் ஓரிடத்தில் 128 மீட்டர் தடிமனுக்கு இந்தப் படிவு தென்பட்டது. அந்தமான் அருகிலும் கிடைத்தது. கிருஷ்ணா–கோதாவரி மீத்தேனின் கார்பனை ஆராய்ந்தபோது, அது பெரும்பாலும் நுண்ணுயிர்கள் உண்டாக்கியது என்று தெரிந்தது. அதாவது, வங்கக் கடலின் அடியிலும் இந்த உயிர்கள் காலங்காலமாக உழைத்திருக்கின்றன.

இதை எரிபொருளாக எடுக்கலாம் என்ற ஆசை பல நாடுகளுக்கு உண்டு. ஜப்பான் 2013-இல் நான்கை அகழிப் பகுதியில் சோதனை செய்தது. கிணற்றில் மணல் புகுந்ததால் ஆறு நாளில் நிறுத்த வேண்டி வந்தது. சீனாவும் 2017-இல் தென்சீனக் கடலில் முயன்றது. எடுக்கும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தச் சேற்றில் யார் மீத்தேன் உண்டாக்குகிறார்கள், யார் உண்டு தீர்க்கிறார்கள், எந்த வேகத்தில் என்று தெரியாமல் கைவைத்தால், பெருகுவதற்கு வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் உயிர்களின் கட்டமைப்பைச் சில நாளில் கலைத்துவிடுவோம். அது மீண்டும் அமைய எவ்வளவு காலமாகும் என்று சொல்லும் அளவுக்கு இந்த உயிர்களை இன்னும் யாரும் அறிந்துவிடவில்லை. கடலை நம்பி வாழும் கரையோர ஊர்கள் இந்தக் கேள்வியை இப்போதே கேட்பது நியாயம்தான்.

இந்த ஆய்வால் நேரடிப் பயனும் விளைந்திருக்கிறது. எம்.சி.ஆர். நொதியின் அமைப்பை அறிந்ததால், அதை அடைக்கும் 3-நைட்ராக்சிபுரோப்பனால் என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்க முடிந்தது. கறவை மாடுகளின் தீவனத்தில் சிறிதளவு கலந்தால், அவை ஏப்பமாக வெளிவிடும் மீத்தேன் சுமார் 30 சதவீதம் குறைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இதற்கு அனுமதி அளித்தது. ஆழ்சேற்றிலும் மாட்டின் வயிற்றிலும் வேலை செய்வது ஒரே நொதி என்பதால் கிடைத்த பலன் இது.

நம் பிள்ளைகளில் உயிரியல் படிக்க விரும்புவோர் பலர். மருத்துவ இடம் கிடைக்கவில்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று பல வீடுகளில் சோர்ந்துவிடுகிறார்கள். நுண்ணுயிரியல், கடல் அறிவியல், மரபணுத் தகவலியல் என்று திறந்திருக்கும் வாசல்கள் ஏராளம். கடலடிச் சேற்றின் உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் பெயர்கூட இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு குழாயைக் கவனித்துக் காத்திருக்கும் பொறுமையும், சாட்சியோடு மட்டுமே பேசும் நேர்மையும் உள்ள இளைஞர்களுக்கு அந்தச் சேற்றில் ஒரு வாழ்நாள் வேலை இருக்கிறது. அவர்களை ஊக்குவிப்பது நம் பொறுப்பு.